மேதை படித்துக்கொண்டிருக்கிறார்

படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் பிரேம் கடைக்காரரின் வீட்டுக்கு மேதை வந்தது ஓர் அட்டைப் பெட்டிக்குள். வெள்ளை நிறம், சாப்பாட்டு டப்பா அளவு, நெற்றியில் ஒரு நீல விளக்கு. இன்டர்நெட் இணைப்புக் கம்பெனி ஆள் அதை இரண்டு கையாலும் ஏந்திவந்து அலமாரியின் மேல் வைத்தான். அங்கே அதுவரை உழைத்துக்கொண்டிருந்த பழைய பெட்டியை ஒற்றைக் கையால் பிடுங்கிப் பைக்குள் எறிந்தான்.

"பழசு நல்லாத்தானே இருந்துச்சு? இது எதுக்கு?" என்றார் பிரேம் கடைக்காரர்.

"பழசுக்கு அறிவே கிடையாது சார். கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. இவர் அப்படி இல்ல. இவர் பேரு மேதை. உங்க வீட்டுல எந்தச் சாதனம் முக்கியம், எது வெட்டின்னு தானா பார்த்துக் கத்துக்குவார். முக்கியமானதுக்கு முதல்ல வழி விடுவார். மத்ததெல்லாம் பின்னாடி நிக்கும்."

"எது முக்கியம்னு எங்களைக் கேட்டா நாங்களே சொல்லிடுவோமே."

அந்த ஆள் பரிதாபமாகச் சிரித்தான். "எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சார் நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அந்தத் தெருவுக்குள் ஓடுவது அந்தக் கம்பெனியின் கம்பி ஒன்றுதான். மேதை இல்லாமல் இனி கம்பி வேலை செய்யாது என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. போகிறபோது அவன் வீட்டிலிருந்த எல்லோரையும் கூடத்தில் அசையாமல் நிற்கச் சொன்னான். மேதை வீட்டை அறிந்துகொள்ளும் நேரமாம், குறுக்கே யாரும் பேசக் கூடாதாம். பிரேம் கடைக்காரர் நின்றார். அவருடைய மனைவி கையில் கரண்டியோடு நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு மட்டும் புதிதாகச் சிரமம் எதுவும் இல்லை. அவள் பேசாமல் இருக்க ஆரம்பித்துச் சில மாதம் ஆகிவிட்டது.

அக்கா என்றால் பிரேம் கடைக்காரரின் கூடப்பிறந்த அக்கா. காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விட்டவள். அவள் விலை சொல்லிக் கத்தினால் சந்தையின் அந்தக் கோடியில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன் திரும்பிப் பார்ப்பான். எடையில் கைவைக்கும் வியாபாரியை அவள் திட்டுவதைக் கேட்கவே நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட வாயைப் பக்கவாதம் வந்து ஒரே காலையில் அடைத்துவிட்டது. தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. பேச்சுதான் திரும்பவில்லை. "முதல் சில மாசம்தான் முக்கியம். அதுக்குள்ள விடாமப் பழக்கினா வந்துடும். விட்டுட்டீங்கன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பழக்குகிற டீச்சர் இருந்தது பஸ்ஸில் அரை நாள் போக வேண்டிய ஊரில். அவ்வளவு தூரம் உட்கார்ந்து போகும் நிலையில் அக்கா இல்லை. அதனால் தினமும் காலை பத்து மணிக்கு டீச்சர் டேப் என்கிற பலகைக் கணினியின் திரையில் வருவார். உதட்டைக் குவித்தும் நாக்கை மடித்தும் ஒரு வார்த்தையைச் சொல்லிக் காட்டுவார். அக்கா அந்த வாயையே உற்றுப் பார்ப்பாள். ரொம்ப நேரம் ஒன்றும் வராது. டீச்சர் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் பாடம். அப்படித்தான் 'வா' வந்தது, 'தா' வந்தது. 'தண்ணி' வந்த அன்று பிரேம் கடைக்காரர் கடையைத் திறக்காமல் உட்கார்ந்து அழுதார்.

"அடுத்தது ரெண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லணும். அது மட்டும் வந்துட்டா அக்கா, அப்புறம் உங்களை யாராலயும் நிறுத்த முடியாது" என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதற்கு மறுநாள்தான் மேதை வந்தது.

மேதை வந்த முதல் பாடத்திலேயே டீச்சரின் வாய் குவிந்தபடி நின்றுவிட்டது. படம் உறைந்துபோனது அக்காவுக்குத் தெரியவில்லை. டீச்சர் வாயை எடுக்கிறவரை தானும் எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அவளும் உதட்டைக் குவித்தபடி உட்கார்ந்திருந்தாள். தாடை வலித்துக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்ட பிறகுதான் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

பழைய கட்டடம், தடித்த சுவர். செல்பேசியில் பேச வேண்டுமானால் தெருவுக்கு வர வேண்டும். வந்தாலும் குரல் கேட்குமே தவிரப் படம் வராது. பிரேம் கடைக்காரர் தெருவில் நின்று கம்பெனியைக் கூப்பிட்டார். உதவி மையத்துப் பெண்ணின் குரல் பாகு மாதிரி இனித்தது.

"மேதை இப்போ படிச்சுக்கிட்டு இருக்கார் சார். மூணு வாரம் படிப்பார். அதுவரைக்கும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

"எங்க அக்காவும்தான்மா படிச்சுக்கிட்டு இருக்காங்க. அந்த டேப்பை மட்டும் முதல்ல போடுங்க, போதும். அதுல ஒரு பொத்தான் கூடவா இல்ல?"

"முன்னாடி இருந்துச்சு சார், கையால மாத்துற வசதி. எடுத்துட்டோம். வாடிக்கையாளர் கை பட்டா மேதையோட படிப்பு கெட்டுப்போகுது."

"அப்போ எங்க அக்கா படிப்பு கெட்டுப்போறது?"

"அது எங்க சேவைக்குள்ள வராது சார்."

மூன்று வாரம் போனது. மேதை படித்து முடிக்கவில்லை. மேலும் மூன்று வாரம் கேட்டது, கம்பெனி சந்தோஷமாகக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் இத்தனை தடவை ஒரே வகுப்பில் உட்கார்ந்த பிள்ளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நமக்குத் தெரியும். கம்பெனி அதற்கு 'ஆழ்ந்த கற்றல்' என்று பெயர் வைத்திருந்தது.

பிரேம் கடைக்காரர் தினமும் தெருவில் நின்று கத்தியதன் பலனாக ஒரு நாள் ஆலோசகர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். கழுத்தில் டை, காதில் ஏதோ ஒன்று, முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் மரியாதை. பெட்டிக்கு அருகில் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதைத் தொடவில்லை. கையிலிருந்த திரையைத் தட்டி, அந்த வீட்டைப் பற்றி மேதை இதுவரை அறிந்துகொண்டதை வாசித்தார்.

வீட்டில் முதல் இடம் ஆமைக்கு. ஆமை என்பது தரை பெருக்கும் இயந்திரம். வட்டமாக, தரையோடு தரையாக ஊர்வதால் மனைவி வைத்த பெயர். இரண்டாம் இடம் டிவிக்கு. மூன்றாவது மனைவியின் செல்பேசி. நான்காவதாக எதிர்வீட்டு அழைப்பு மணி வந்தது. அது எப்படி இந்த வீட்டுக்குள் வந்தது என்று ஆலோசகருக்கும் தெரியவில்லை, ஆனால் மேதைக்கு ஏதோ காரணம் இருக்கும் என்றார். ஐந்தாவது, குளியலறையில் கிடக்கும் எடை பார்க்கும் இயந்திரம். கடைசி இடம் அக்காவின் டேப்.

"தரை பெருக்குறது எப்படிங்க முதல்ல வரும்?" என்றாள் மனைவி. "அது என்னத்தைப் பேசுது, யார்கிட்ட பேசுது?"

"இடைவிடாமப் பேசுது மேடம். உங்க வீட்டு மூலை முடுக்கையெல்லாம் படம் பிடிச்சு அதைச் செஞ்ச கம்பெனிக்கு நொடிக்கு நொடி அனுப்பிக்கிட்டே இருக்கு. என்னா உழைப்பு! ஆனா இந்த டேப்பைப் பாருங்க. பத்து மணிக்குத் திறக்குறாங்க, அப்புறம் சத்தமே இல்ல, அசைவும் இல்ல. தூங்குற சாதனம்னு மேதை புரிஞ்சுக்கிட்டார்."

"யோவ், பேச்சு வரலைன்னுதான்யா அந்த டேப்பே!" பிரேம் கடைக்காரர் கத்தினார். "பேச வராத மனுஷிக்குப் பேசக் கத்துக் கொடுக்குறாங்க. அவங்க பேசலைன்னு லைனைப் பிடுங்கினா எப்படிய்யா பேசுவாங்க?"

ஆலோசகர் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாவமாகத்தான் பார்த்தார். "தப்பு மேதைகிட்ட இல்ல சார். உங்க வீடு அவருக்குப் புரியுற மாதிரி வாழலை. முக்கியமானவங்க முக்கியமா நடந்துக்கணும். அந்த டேப் முன்னாடி நிறையச் சத்தம், நிறைய அசைவு வேணும். பாட்டுப் போடுங்க, ஆடுங்க. தானா மேல வந்துடும்."

இந்த இடத்தில் நீங்களும் நானுமாக இருந்தால் டையைப் பிடித்து ஆளை வெளியே தள்ளியிருப்போம். பிரேம் கடைக்காரர் நல்ல மனிதர், அதாவது ஏமாந்தவர். மறுநாள் பத்து மணிக்கு அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கைகளை வீசி ஆடினார். மனைவி பக்கத்தில் ரேடியோவை அலறவிட்டாள். திரையில் டீச்சர் துண்டு துண்டாக வந்தார், பின்னால் ஒரு நடுவயது மனிதர் இடுப்பை ஒடிப்பதைப் பார்த்தார், ஏதோ கேட்டார். ரேடியோ சத்தத்தில் கேட்கவில்லை. அக்கா அதுவும் பாடம்தான்போல என்று எண்ணித் தேறிய கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினாள்.

நாலைந்து நாள் இப்படி ஆடியதில் பலன் கிடைத்தது. டேப்பை மேதை 'பொழுதுபோக்கு' என்று வகைப்படுத்தியது. பொழுதுபோக்குச் சாதனங்களுக்கு மாலையில்தான் வழி, டீச்சருக்கோ மாலையில் நேரமில்லை. காலையில் அதுவரை வந்துகொண்டிருந்த துண்டு துணுக்குப் படமும் நின்றுபோனது.

"ஆமையைத் தூக்கி உள்ள போட்டாலே போதுங்க" என்றாள் மனைவி. அது அவள் ஆசைப்பட்டு வாங்கியது. இருந்தாலும் அணைத்து, துணியில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். வழி காலியானால் அக்காவுக்குக் கிடைக்கும் என்பது அவளுடைய கணக்கு. மனிதருக்குத் தோன்றும் கணக்கு அது. மேதை என்ன செய்தது தெரியுமா? வீட்டின் முதன்மைச் சாதனத்தைக் காணோம் என்று கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஆமை எந்த நிமிடம் திரும்பி வந்தாலும் தடையில்லாமல் போகட்டும் என்று மொத்த வழியையும் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தது. மாலைக்குள் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வந்துவிட்டாள். அக்காவுக்குப் பேச்சு நின்றபோது வராதவர்கள் ஆமைக்குப் பேச்சு நின்றதும் ஓடோடி வந்தார்கள்.

"வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா?" என்று அந்த அம்மாள் தணிந்த குரலில் கேட்டாள். பீரோவைத் திறந்து காட்டச் சொன்னாள். ஆமையைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள். வெளியே எடுத்து ஓடவிட்ட பிறகுதான் கிளம்பினாள்.

அடுத்த ஆலோசனை, 'சேர்க்கைப் பலன்'. கீழ்நிலைச் சாதனத்தை மேல்நிலைச் சாதனத்தோடு நெருக்கமாகப் பழக விட்டால் மேதை இரண்டையும் ஒரே தரத்தில் பார்க்கத் தொடங்குவார் என்றார் டை கட்டிய ஆலோசகர். பிரேம் கடைக்காரர் சட்டங்களுக்கு ஒட்டும் நாடாவால் டேப்பை ஆமையின் முதுகில் நிற்கவைத்து ஒட்டினார். பத்து மணிக்கு டீச்சரின் முகம் கூடத்தில் ஊர்வலம் வந்தது. கட்டிலுக்கு அடியில் போனது, மேசைக் காலில் இடித்துத் திரும்பியது. "அக்கா, எங்க இருக்கீங்க? எனக்கு ஃபேன் தெரியுது, இப்போ யாரோட காலோ தெரியுது" என்று டீச்சரின் குரல் தரையிலிருந்து வந்தது. பிரேம் கடைக்காரர் குனிந்தபடி அதன் பின்னாலேயே ஓடினார். அக்கா சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மனைவி போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் அக்கா 'தண்ணி' என்று கேட்கவில்லை. செம்பைக் கைகாட்டினாள். வந்த வார்த்தை போக ஆரம்பித்துவிட்டது என்று பிரேம் கடைக்காரருக்குப் புரிந்தது. ஓடிப்போய்த் தெருவில் நின்று மேல்முறையீடு வேண்டும் என்று கத்தினார்.

மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது. ஆனால் நேரில் வரக் கூடாது. எந்த இணைப்பைப் பற்றிப் புகாரோ அந்த இணைப்பின் வழியாகத்தான் காணொலியில் வர வேண்டும், அப்போதுதான் மேதையும் தன் தரப்பை உணர்த்த முடியும் என்பது விதி. குறித்த நேரத்தில் பிரேம் கடைக்காரர் தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு மனைவியின் செல்பேசி முன்னால் உட்கார்ந்தார். குழுவினர் மூன்று பேர் தெளிவாகத் தெரிந்தார்கள். இவர் "ஐயா, வணக்கம்" என்று சொல்லி வாயைத் திறந்து சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஆமை கட்டிலுக்கு அடியில் புதிதாக ஒரு மூலையைக் கண்டுபிடித்தது. குழுவினரின் திரையில் இவர் சிரித்த முகத்தோடு உறைந்துபோனார்.

அவர் பேசினார். அக்காவைப் பற்றிச் சொன்னார், டாக்டர் சொன்ன மாதங்கள் கரைந்துகொண்டிருப்பதைச் சொன்னார், கும்பிட்டுக்கூடப் பார்த்தார். குழுத் தலைவர் அந்த உறைந்த சிரிப்பைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"இவ்வளவு நேரமா அமைதியா, சிரிச்ச முகமா இருக்கீங்க. இந்த மாதிரி வாடிக்கையாளரைப் பார்க்குறதே அபூர்வம் சார். வேற குறை எதுவும் இல்லையே? இல்ல. நன்றி."

திரை அணைந்தது. பிரேம் கடைக்காரர் அதன் பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் அவர் வீடு முன்மாதிரி இல்லமாகத் தேர்வாகியிருப்பதாகச் செய்தி வந்தது. "நான் தினமும் புகார் சொன்னேனேம்மா!" என்று அவர் அலறியதற்கு உதவி மையத்துப் பெண் அதே பாகுக் குரலில் விளக்கினாள். "புகார்னு ஒண்ணை இப்போ நாங்க வச்சுக்கிறதில்ல சார். மேதையைப் பத்தி அடிக்கடி விசாரிக்கிறவங்களை ஆர்வமுள்ளவங்கன்னு பதிஞ்சுக்குவோம். இந்த ஊர்லயே அதிக ஆர்வம் உங்களுக்குத்தான்." கம்பெனியின் முதன்மை முன்னுரிமை அதிகாரி நேரில் வந்து கௌரவிப்பாராம், படம் எடுப்பார்களாம்.

வந்தார்கள். காலையிலேயே விளக்குகளும் கேமராவும் வெளிச்சம் பரப்பும் கறுப்புக் குடைகளும் கூடத்தை அடைத்தன. அக்காவை நாற்காலியிலிருந்து எழுப்பி ஓரமாக ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். அவளுடைய நாற்காலியில் முதன்மை அதிகாரி உட்கார்ந்தார், பளபளப்பான மனிதர். அவருக்கு எதிரே டேப் இருந்த மேசையில் மேதையை இறக்கிவைத்துப் பூங்கொத்து சாத்தினார்கள். படம் தங்குதடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக உதவியாளன் ஒருவன் தன் கையிலிருந்த எதையோ தட்டினான்.

"இன்னிக்கு மட்டும் எல்லாத்தையும் கையால திறந்து விட்டிருக்கோம் சார்" என்று பெருமையாகச் சொன்னான்.

"கையால திறக்க முடியுமா?" என்றார் பிரேம் கடைக்காரர்.

"எங்க கையால முடியும்."

முதன்மை அதிகாரி கேமராவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். "வாடிக்கையாளர் என்ன சொல்றார்னு நாங்க கேக்குறதே இல்ல. கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போன கம்பெனிகளை நான் பார்த்திருக்கேன். மனுஷன் சொல்லுறது ஒண்ணு, செய்யுறது ஒண்ணு. எங்க மேதை பேச்சைக் கணக்குல எடுத்துக்கிறதே கிடையாது. பேச்சுங்கிறது என்ன? ஒரு சத்தம், அவ்வளவுதான். உங்களுக்கு எது முக்கியம்னு உங்களுக்குத் தெரியாதுங்கிற உண்மையை முதல்ல துணிச்சலா ஒத்துக்கிட்டது நாங்கதான். குழந்தை தப்பு செஞ்சா கொஞ்சுறோம். மேதையும் குழந்தைதான். அவர் கத்துக்குற வரைக்கும் காத்திருக்கிற பொறுமை ஒரு குடும்பத்துக்கு வேணும். இந்தக் குடும்பத்துக்கு இருக்கு."

அப்போது மணி பத்து. மேசை ஓரத்தில் தள்ளிவைக்கப்பட்டிருந்த டேப் ஒலித்தது. மனைவி எட்டித் தொட்டாள். டீச்சர் வந்தார். முழுதாக வந்தார், கழுவித் துடைத்த மாதிரி. நெற்றியில் விழுந்த முடிகூடத் தெரிந்தது. "அக்கா! தெரியுறேனா? இன்னிக்கு எவ்வளவு தெளிவா இருக்கீங்க!" என்றார். அக்கா முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். இத்தனை வாரமாகக் காணாத அந்த வாயைப் பார்த்து அவளுடைய உதடு அசையத் தொடங்கியது.

"இது என்ன நடுவுல சத்தம்? ஒலிப்பதிவு கெடுது" என்ற உதவியாளன் டேப்பை அணைத்துக் குப்புறக் கவிழ்த்தான்.

அக்கா எழுந்து நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. முதன்மை அதிகாரியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, சந்தையின் மறுகோடி திரும்பிப் பார்க்கிற குரலில் அவள் சொன்னாள்.

"வெளிய போ!"

இரண்டு வார்த்தை. சேர்த்து. பிரேம் கடைக்காரர் "அக்கா" என்று கத்திக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

முதன்மை அதிகாரி ஒரு கணம் பின்வாங்கினார். அதற்குள் ஆலோசகர் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் முகம் மலர்ந்தது. "இந்த அம்மாவுக்குப் பேச்சே வராதா? இப்போ மேதை முன்னாடி வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுக் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

"அம்மா, லைட் சரியா விழலை. இன்னொரு தடவை அதையே சொல்றீங்களா? இந்தத் தடவை மேதையைப் பார்த்து" என்றான் கேமராக்காரன்.

அக்கா தயங்கவே இல்லை. "வெளிய போ." இன்னொரு தடவை கேட்டார்கள். "வெளிய போ." பக்கவாட்டில் ஒரு தடவை, கிட்டத்தில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வார்த்தை துலங்கிக்கொண்டே வந்தது. இத்தனை வாரம் கிடைக்காத பயிற்சியையெல்லாம் அன்று ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டாள். கடைசித் தடவை, கேட்காமலேயே, "வெளிய போடா" என்றாள். "அருமை அம்மா, இதுதான் உயிரோட இருக்கு" என்றான் கேமராக்காரன். மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். கையால் திறந்ததைக் கையால் மூடிவிட்டும் போனார்கள்.

அன்று பிரேம் கடைக்காரர் தெருவுக்கு வந்து டீச்சரைக் கூப்பிட்டார். "வந்துடுச்சும்மா, ரெண்டு வார்த்தை வந்துடுச்சு" என்றார். டீச்சர் அழுதார், அப்புறம் அதட்டினார். "இப்போ விட்டீங்கன்னா திரும்பப் போயிடும். எப்படியாவது இங்க கூட்டிட்டு வாங்க. எங்க மாடியிலயே தங்கிக்கலாம்." தடியை ஊன்றி நடக்கவும் பஸ்ஸில் உட்காரவும் அக்காவுக்கு இப்போது தெம்பு வந்திருந்தது. கம்பியும் வேண்டாம், மேதையும் வேண்டாம், அக்காவைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போய்விடுவது என்று முடிவானது. கடையை மனைவி பார்த்துக்கொள்வாள். கம்பெனி மேதையைத் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளாது என்று தெரிந்ததால், பஸ்ஸுக்குப் போகிற வழியில் அதை அவர்களுடைய அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பையில் போட்டுக்கொண்டார்.

அலுவலகக் கூடத்தில் நாற்காலி வரிசை நிரம்பி வழிந்தது. எல்லோர் மடியிலும் ஒரு வெள்ளைப் பெட்டி. ஒருவருக்கும் ஒருவரோடும் பேச்சில்லை. முன்சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரையில் கம்பெனியின் படம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நீல விளக்கு, பூங்கொத்து, கை தட்டுகிறவர்கள். பிறகு சுவர் அகலத்துக்கு அக்காவின் முகம்.

அக்காவின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல்லாங்குழல் போட்டிருந்தார்கள். கண்ணில் நீரோடு அவள் வாயைத் திறந்து திறந்து மூட, கீழே பெரிய எழுத்தில் 'நன்றி, மேதை' என்று வந்தது. பேச்சிழந்தவளுக்குக் கிடைத்த இரண்டே வார்த்தை. அதையும் பிடுங்கிக்கொண்டு தங்களுக்கு வேண்டிய இரண்டு வார்த்தையைப் போட்டுவிட்டார்கள்.

"வாக்கா, போயிடலாம்" என்றார். அக்கா நகரவில்லை. தடியை ஊன்றித் திரைக்கு நேர் எதிரே போய் நின்றாள். படம் முடிந்தது, மறுபடி தொடங்கியது. நீல விளக்கு, பூங்கொத்து, கைதட்டல். சுவரில் தன் உதடு குவிகிற அதே நொடியில் அவள் சொன்னாள்.

"வெளிய போடா!"

உதடும் குரலும் அச்சாகப் பொருந்தின. கூடம் நிமிர்ந்தது. மடியில் பெட்டியோடு இருந்த ஒரு பெரியவர் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, குபீரென்று சிரித்தார். பக்கத்திலிருந்த பெண்ணுக்குச் சொன்னார். அடுத்த சுற்றில் அக்காவோடு நாலைந்து குரல் சேர்ந்துகொண்டன. அதற்கடுத்த சுற்றுக்கு எல்லோரும் திரையைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் பிரேம் கடைக்காரரின் எண்ணைக் கூப்பிட்டார். பெட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே சார் இருக்கு? எதுக்குத் திருப்பிக் கொடுக்குறீங்க, காரணம் சொல்லுங்க" என்றார்.

பிரேம் கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் சுவரில் அக்காவின் முகம் வந்துவிட்டது. கூடமே பதில் சொன்னது.